முந்நூற்று அறுபதுக்குத் திறக்காத செல்போன்

செல்போனில் நமக்கு வருகிற அழைப்புக்கும் காசு பிடித்துக்கொண்டிருந்தது நின்று, எங்களை மாதிரி ஜனங்களும் ஒன்று வாங்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்த வருஷம் அது. தை மாதம். திருவிடந்தையில் கோயிலுக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. நான் மாமல்லபுரத்தில் டூரிஸ்ட்டுகளுக்கு வேன் ஓட்டுகிறவன், எட்டாவது வரைதான் படிப்பு. என் சம்சாரம் கோயில் வாசலில் மாலை கட்டி விற்கிறாள்.

எங்கள் ஊர்ப் பெருமாளைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நாளுக்கு ஒரு கன்னிகையாக முந்நூற்று அறுபது பேரைக் கல்யாணம் செய்துகொண்டவர் என்பது ஐதீகம். கல்யாணம் தள்ளிப்போகிற பிள்ளைகள் மாலை வாங்கி வந்து அவருக்குச் சாத்துவார்கள். பட்டர் ஒரு மாலையைத் திருப்பி அவர்கள் கழுத்தில் போடுவார். அதோடு கோயிலை ஒன்பது சுற்று சுற்றி, மாலையை வீட்டில் கொண்டுபோய் பத்திரமாக மாட்டி வைக்க வேண்டும். கல்யாணம் ஆனதும் அந்தக் காய்ந்த மாலையை எடுத்துக்கொண்டு ஜோடியாக வந்து சேவிக்க வேண்டும். ஊர் உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் என் சம்சாரம் மாலை கட்டித் தந்தாள். எங்கள் ஒரே மகளின் மாலை மட்டும் சாமி படத்துக்குப் பக்கத்தில் காய்ந்து, உதிர்ந்து, வெறும் நாராக ஆகிக்கொண்டிருந்தது.

மகளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. மற்றபடி படு சூட்டிகை. செங்கல்பட்டுப் பக்கம் காது கேளாத பிள்ளைகள் பள்ளியில் தங்கிப் பத்தாவது படித்தாள். டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தாள். எங்களோடு பேச வீட்டுச் சைகை, அவளுடைய சிநேகிதிகளோடு பேசப் பள்ளிக்கூடத்துச் சைகை, மிச்சத்துக்குப் பேப்பரும் பேனாவும் என்று அவள் குறையில்லாமல்தான் இருந்தாள். குறை எங்களுக்குத்தான்.

அந்தத் தையில்தான் செங்கல்பட்டிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்கும் காது கேட்காது. அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கிற வேலை. அவனுக்கு அப்பா இல்லை, அம்மாதான் எல்லாம். அந்தம்மாள் வாய் ஓயாத மனுஷி, மனசு வெள்ளை. மகனோடு பேசிப் பேசிப் பள்ளிக்கூடத்துச் சைகை முழுக்கக் கற்றுக்கொண்டவள். அது நல்ல விஷயம்தானே? பெண் பார்க்க வந்த அன்றைக்குத்தான் அதில் ஒரு சங்கடம் இருப்பது தெரிந்தது.

வீடு நிறைய ஜனம். பையன் ஒரு பக்கம், என் மகள் ஒரு பக்கம். அவன் மெதுவாகக் கையைத் தூக்கி எதையோ கேட்டான். உடனே அவன் அம்மா, ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி, “பையன் கேக்கறான், உனுக்கு கடல் மீனு புடிக்குமா, ஏரி மீனு புடிக்குமான்னு!” என்றாள்.

கூட்டம் சிரித்தது. என் மகள் தயங்கித் தயங்கிக் கையை அசைத்தாள்.

“பொண்ணு சொல்லுது, வஞ்சிரமாம்! கேட்டியா, காஸ்ட்லியான பொண்ணுதான்!”

“அடுத்தது கேளுடா மாப்ள!” என்று என் மச்சான், அதாவது சம்சாரத்தின் தம்பி, மூலையிலிருந்து கத்தினான்.

பையன் இன்னும் எதையோ கேட்டான். அதையும் அவன் அம்மா ஊருக்கே சொன்னாள். என் மகள் பதில் சொல்லவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்து, ஒன்றின் மேல் ஒன்றைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தக் கைகள் எழும்பவே இல்லை. கிளம்பும்போது பையன், மிக்சர் வைத்திருந்த பேப்பரின் ஓரத்தில் தன் செல்போன் நம்பரை எழுதி, தட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனான். தட்டு எடுத்த என் மகளைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

இரண்டு நாளில் அவர்கள் சம்மதம் சொல்லி அனுப்பினார்கள். மகளைக் கேட்டோம். அவள் நாள்காட்டித் தாளின் பின்னால் எழுதிக் கொடுத்தாள்: “அவரைப் பிடிக்கவில்லை என்று இல்லை. ஆனால் அவரோடு தனியாகப் பேசாமல் நான் சரி என்று சொல்ல மாட்டேன்.”

என் சம்சாரத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “தனியா பேசணுமாமே! நான் உம்ம மூஞ்சிய மணவறைலதான்யா முழுசா பாத்தேன். இவ இன்னா பெரிய கலெக்டரா?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காது கேட்கிற பிள்ளைகள் நாலு பேருக்கு நடுவில் இருந்தாலும் குரலைத் தாழ்த்திக் குசுகுசுவென்று ஒரு வார்த்தை பேசிக்கொள்ளலாம். இவர்கள் பேசுவது கையில். பார்க்கிறவர்கள் கண்ணுக்கெல்லாம் அது தெரியும். புரிந்தவர்கள் மொழிபெயர்த்தும் விடுவார்கள். இவர்களுக்குக் குசுகுசு என்று ஒன்று கிடையாது. லெட்டர் எழுதட்டுமே என்றேன். அந்த வீட்டுக்கு வரும் தபாலை எல்லாம் பையனின் அம்மாதான் பிரித்துப் படிப்பாளாம். மகள் மிக்சர் பேப்பரைக் காட்டினாள். செல்போனில் எழுத்தாக அனுப்பினால் அவருக்கு மட்டும் போகும் என்று சைகை செய்தாள். எங்கள் தெருவில் அப்போது மீன் ஏலம் எடுக்கிற ஒருத்தரிடம் மட்டும்தான் செல்போன் இருந்தது. அது அவர் சட்டைப் பையை விட்டு இறங்காது. புதுசாக ஒன்று வாங்க என் கையில் அவ்வளவு காசு இல்லை.

பெருமாள் வழி காட்டினார் என்றுதான் சொல்வேன். வருஷா வருஷம் வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்க வருகிற இங்கிலாந்து அம்மா ஒருத்தர் உண்டு. வயசானவர். என் வேனில்தான் வருவார். அந்த வருஷமும் வந்தார். ஏரிக்கரை மேல் நின்று, கூழைக்கடாக்களைப் பார்த்துக்கொண்டே தன் செல்போனில் பேரப்பிள்ளைகளோடு பேசினார். திரும்பும் வழியில் எங்கள் வீட்டில் காபி சாப்பிட்டார். அவரும் என் மகளும் பேப்பரில் இங்கிலீஷில் எழுதி எழுதி அரை மணி நேரம் பேசினார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ‘பேர்ட், டெம்பிள், நோ பிராப்ளம்’ இவ்வளவுதான். அத்தனை வருஷத்தில் நான் பேசாததை அவள் அந்த அரை மணியில் பேசிவிட்டாள்.

ஏர்போர்ட்டில் இறங்கும்போது அந்தம்மா தன் செல்போனில் இருந்த சிம் கார்டைக் கழற்றிக்கொண்டு போனை என் கையில் வைத்தார். “யுவர் டாட்டர்” என்றார். ஊரில் வேறு போன் இருக்கிறது என்று சைகையில் சொன்னார். நான் கும்பிட்டேன். அங்கேயே கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியிலேயே கோவளத்தில் புது சிம் கார்டு வாங்கினேன். போனைப் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டி, சிம்மைச் செருகி, பட்டனை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. கூடவே இங்கிலீஷில் ஏதோ வந்து நின்றது. என்ன அழுத்தினாலும் அதே எழுத்து. மகள் ஒரு சிநேகிதி வீட்டுக்குக் கேளம்பாக்கம் போயிருந்தாள். மச்சான் வாங்கிப் பார்த்தான். அவன் ஒன்பதாவது வரை படித்தவன்.

“கோடு போடுன்னு கேக்குது மாமா. சூட்கேஸ்ல நம்பர் பூட்டு கீது பாரு, அந்த மாரி.”

“அந்தம்மா கைல நல்லா பேசிச்சேடா?”

“வெள்ளக்காரன் போனு மாமா. அது வெள்ளக்கார சிம்முதான் துன்னும். நம்ம ஊரு சிம்ம போட்டா காறித் துப்புது!”

அதற்குள் சம்சாரம் தீபத்தைத் தூண்டிவிட்டு வந்தாள். “எதுக்கு இம்மாம் பேஜாரு? கல்யாண காரியத்துக்கு வந்த போனு. நம்ம பெருமாளுக்கு முன்னூத்தி அறுவது கல்யாணம். முன்னூத்தி அறுவது போடு, தொறக்கும்!” அவள் சொன்னதில் எனக்குத் துளி சந்தேகம் வரவில்லை. போன் எட்டு இலக்கம் கேட்கிறது என்று மச்சான் கண்டுபிடித்தான். முன்னால் சைபராகப் போட்டு நிரப்பி, கடைசியில் முந்நூற்று அறுபது. நான் கண்ணை மூடி கோவிந்தா சொல்லிக்கொண்டே அழுத்தினேன். திறக்கவில்லை. திவ்ய தேசம் நூற்றெட்டு, அதைப் போட்டோம். அதுவும் இல்லை. மச்சான் என் வேன் நம்பரைப் போட்டான். சம்சாரம் மகளின் பிறந்த தேதியைப் போடச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் டுக்கென்று ஒரு சத்தம், கீழே ஒரு சின்ன நம்பர் மாறியது. அது என்ன என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் திருப்பதிப் படிகளின் எண்ணிக்கையைச் சொல்லலாம் என்று ஆரம்பித்தபோது மகள் உள்ளே வந்தாள்.

போனைப் பார்த்தாள். திரையைப் படித்தாள். நாங்கள் ஐந்தாவது முறை அழுத்தப் போகிறோம் என்று புரிந்ததும், தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவளிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. போனைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு ஒரே ஒரு விரலைக் காட்டினாள். இன்னும் ஒரே ஒரு தடவை. அதுவும் தப்பானால் போன் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும்.

மறுநாள் செங்கல்பட்டில் செல்போன் ரிப்பேர் பார்க்கிற ஒரு கடைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் நல்ல மனுஷர். நிறுத்தி நிதானமாகச் சொன்னார். “இது கெட்டுப்போன போனு இல்லீங்க. அந்த ஊர்ல கம்பெனிக்காரனே போன விலை கொறச்சி குடுத்துடுவான். அதுக்கு பதிலா, இத்தன மாசம் எங்க லைன்லதான் பேசணும்னு உள்ள பூட்டு போட்டு வெச்சிருப்பான். கெடு முடிஞ்சப்புறம் வாங்குனவங்களே கேட்டா, தொறக்கற நம்பர குடுப்பான். ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி நம்பர். அடுத்தவங்க போனு நம்பர் ஒத்து வராது.”

“சாமி நம்பர் கூடவா?” என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. “சாமிக்குத் தெரியும்ங்க. ஆனா கம்பெனிய கேட்டுத்தான் வாங்கணும்” என்றார். கம்ப்யூட்டரில் ஒயரை மாட்டிக்கூடத் திறந்து பார்க்கலாமாம். ஆனால் இந்த மாடலில் போனுக்கே உயிர் போனாலும் போய்விடும், நான் செய்ய மாட்டேன் என்றார். நட்சத்திரம், கட்டம், சைபர், ஆறு என்று எதையோ அழுத்தினார். பதினைந்து இலக்கத்தில் ஒரு எண் வந்தது. “இதுதான் இந்தப் போனோட அடையாளம். இத அந்தம்மாவுக்கு அனுப்புங்க. அவங்க கம்பெனில கேக்கட்டும்” என்று மகளைப் பார்த்து உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

மாமல்லபுரம் பிரவுசிங் சென்டரில் மகளே உட்கார்ந்து, அந்தம்மா அன்றைக்குப் பேப்பரில் எழுதிக் கொடுத்திருந்த விலாசத்துக்கு இமெயில் அடித்தாள். டைப்ரைட்டிங் படித்தது அன்றைக்கு உபயோகமானது. எதையெல்லாம் எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. நீளமாகத்தான் எழுதினாள். பையனுக்கும் இப்படியே அனுப்பேன் என்றதற்கு, அவர் எழுதிக் கொடுத்தது போன் நம்பர் மட்டும்தானே என்று சைகை செய்தாள்.

பதில் வந்தது. அந்தம்மாவுக்கே அந்தப் பூட்டு விஷயம் தெரியாதாம். அவருடைய கார்டு உள்ளே இருக்கிறவரை போன் எந்த ஊரிலும் பேசியதால் தெரியவில்லையாம். மன்னிப்புக் கேட்டிருந்தார். ஆனால் கெடு முடிய இன்னும் பல மாதம் இருக்கிறது, அதற்கு முன்னால் நம்பர் தருகிற வழக்கம் இல்லை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். மறுபடி கேட்டுப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார். மகள் எனக்குப் புரியவைத்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தாள். வரும் வழியெல்லாம் கடலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இதற்கிடையில் மாசி பிறந்துவிட்டது. மதுராந்தகத்தில் வேறு ஒரு பெண் ஜாதகம் வந்திருக்கிறது, அமாவாசைக்குள் பதில் சொல்லுங்கள் என்று செங்கல்பட்டிலிருந்து ஆள் வந்தது. எனக்குத் தூக்கமே இல்லை. சம்சாரம், “சரின்னு சொல்லிடலாம்யா, அப்புறம் அவளே சரியாப் பூடுவா” என்று அழுதாள். எனக்கு மனசு வரவில்லை. பெருமாளைச் சேவித்துவிட்டு நேராகப் பையன் வீட்டுக்குப் போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

பையனின் அம்மா மோவாயில் கை வைத்தாள். “இன்னாங்க இது கூத்து! சீமைல பூட்டு தொறந்தாத்தான் இங்க பொண்ணு சம்மதம் சொல்லுமா? தனியா பேச இன்னா கீது? நான் இன்னா பூதமா? இந்தப் புள்ள பேசறத அவன் பொறந்ததுலர்ந்து நான் பாத்துகினு கீறேன்.”

“அதாங்க அம்மா. நீங்க பாக்காம அவங்க ஒரு வார்த்த பேசிக்கட்டும்” என்றேன். எப்படி அந்த வார்த்தை வந்தது என்று தெரியவில்லை. அந்தம்மாள் முகம் சட்டென்று வாடிப்போனது. வாய் ஓயாத மனுஷி எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். காரியம் கெட்டது என்று எழுந்து வந்துவிட்டேன்.

வேனை ஸ்டார்ட் செய்யும்போது பக்கத்துக் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். பையன். அறைக்குள் இருந்து எங்கள் உதட்டைப் படித்திருக்கிறான். சட்டைப் பையிலிருந்து தன் செல்போனை எடுத்துக் காட்டினான். அதை நெஞ்சில் வைத்தான். கையை ஒரு இடத்தில் நிறுத்தி, அசையாமல் வைத்திருந்தான். காத்திருக்கிறேன் என்று அர்த்தம். இதற்குச் சைகை படிக்க வேண்டியதில்லை, எனக்கே புரிந்தது. அவன் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்துவிட்டு வந்தேன். வீட்டில் மகளுக்கு முன்னால் நின்று அவன் செய்ததை அப்படியே செய்து காட்டினேன். அவள் நான் செய்ததைத் திரும்பச் செய்யச் சொன்னாள். செய்தேன். மறுபடியும் செய்யச் சொன்னாள்.

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு பிரவுசிங் சென்டரில் மகள் என் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். இங்கிலாந்து அம்மாவிடமிருந்து பதில் வந்திருந்தது. கம்பெனியில் முதலில் பேசின ஆள் முடியாது என்றாராம். மறுபடி கூப்பிட்டபோது வேறு ஒருத்தர் எடுத்து, அவரும் முடியாது என்றாராம். மூன்றாவது தடவை ஒரு பெண் எடுத்திருக்கிறார். இந்தம்மா பூட்டைப் பற்றிப் பேசாமல், கடற்கரையில் இருக்கிற ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாராம். காது கேட்காத பெண், அவள் ஒரு பையனோடு யார் கண்ணிலும் படாமல் பேச வேண்டும், அவ்வளவுதான் என்று. அந்தக் கம்பெனிப் பெண் கொஞ்ச நேரம் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய், தன் மேலதிகாரியிடம் கேட்டு வந்து, எண்ணைச் சொன்னாராம்.

எட்டு இலக்கம்.

அன்றைக்கு வீட்டில் அந்த எண்ணை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பயம் கொஞ்சநஞ்சமில்லை. நல்ல நேரம் பார்க்கணும் என்றாள் சம்சாரம். “கோயிலுக்கு கொண்டு போயி பெருமாள் முன்னாடி அழுத்தலாம் மாமா” என்றான் மச்சான். நான் கை நீட்டினேன். மகள் போனைக் கொடுக்கவில்லை. எங்கள் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தாள், போன தடவை ஞாபகமிருக்கிறதா என்கிற மாதிரி. மச்சான் தலையைச் சொறிந்தான். அவளே உட்கார்ந்தாள். ஒவ்வொரு எண்ணாக அழுத்தி, தாளைப் பார்த்து, திரையைப் பார்த்து, மறுபடி தாளைப் பார்த்து, அடுத்ததை அழுத்தினாள். எட்டாவது எண் முடிந்ததும் என்னைப் பார்த்துக் கண்ணை மூடிக் காட்டினாள். கோவிந்தா சொல்லு என்கிறாள்! சொன்னேன். அவள் அழுத்தினாள்.

டுக் சத்தம் வரவில்லை. திரையின் ஓரத்தில் சின்னச் சின்னக் கோடுகள் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக எழும்பின. டவர் வந்துவிட்டது.

“தொறந்துகிச்சி! தொறந்துகிச்சி மாமா!” என்று மச்சான் தெருவுக்கு ஓடினான். சம்சாரம் போனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மகள் இதையெல்லாம் பார்க்கவே இல்லை. மிக்சர் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் கையில் போன் நடுங்கியது. படித்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறி எட்டிப் பார்த்தேன். சிரிக்கிறாள். என்ன என்று சைகையில் கேட்டேன். போனைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். என் மகள் என்னிடம் மறைத்த முதல் விஷயம் அதுதான். அப்படி ஒரு நிறைவு எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

அமாவாசையன்று காலையில் நாள்காட்டித் தாளில் ஒரே வார்த்தை எழுதிக் கொடுத்தாள்: “சரி.” அதை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனேன். பையனின் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். “எனுக்கு முன்னியே தெரியுங்க” என்றாள். “ரெண்டு நாளா இவன் போனப் பாத்துப் பாத்துச் சிரிக்கறான். இன்னாடான்னு கேட்டா சொல்ல மாட்டங்கறான். இத்தன வருசத்துல எனுக்குத் தெரியாம அவன் சிரிச்சது இதாங்க மொத தபா.” சொல்லும்போது அவள் கண்ணில் தண்ணீர். ஆனால் முகம் வாடியிருக்கவில்லை. உள்ளே கூப்பிட்டு வஞ்சிரக் குழம்போடு சாப்பாடு போட்டாள்.

சித்திரையில் கல்யாணம். மறுவாரம் நாராகிப்போன பழைய மாலையோடு ஜோடியாக வந்து பெருமாளைச் சேவித்தார்கள். சந்நிதியில் நிற்கும்போது மாப்பிள்ளை அவளைப் பார்த்துக் கையில் ஏதோ சொன்னார். சம்பந்தியம்மா பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்குப் புரியாமல் இருந்திருக்காது. ஆனாலும் வாயைத் திறக்காமல், கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டே நின்றாள்.

அந்தப் போன் எப்போதோ பழசாகிப் போய்விட்டது. கடல் கடந்து எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, முகம் தெரியாத ஒரு பெண்ணுக்காக மேலதிகாரியிடம் எழுந்து போன அந்தப் புண்ணியவதியை நினைத்து, இன்றைக்கும் சந்நிதியில் ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்கிறேன். அந்த இரண்டு நாளும் அவர்கள் என்னதான் பேசிக்கொண்டார்கள் என்று இதுவரை எனக்குத் தெரியாது. அது எனக்குத் தெரியாமல் இருப்பதே பெருமாள் எங்கள் குடும்பத்துக்குத் தந்த பிரசாதம் என்று நினைத்துக்கொள்கிறேன்.